தங்கை மகள் இல்லாத பட்டியல்

அந்தப் பெண்கள் கல்லூரியில் அவருக்கு விசில் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அங்கே உடற்கல்வி ஆசிரியை. கறாரான ஆள். மனசுக்கு ஒப்பாத எதற்கும் தலையாட்ட மாட்டார்.

ஒருமுறை முதல்வரே பட்டியலைத் திருத்தி, தன் அண்ணன் மகளுக்கு இறகுப்பந்து அணியில் இடம் கொடுத்தார். ஆட்டம் சுமார்தான். ஆசிரியர்கள் கூட்டத்தில் விசில் மேடம் எழுந்து, "சொந்தக்காரங்களுக்குத்தான் இடம்னா தேர்வு எதுக்கு வைக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த வருடமே விசில் மேடத்தின் தங்கை மகள் அந்தக் கல்லூரியில் சேர்ந்தாள். பெரியம்மா வீட்டில் தங்கிப் படிப்பதாக ஏற்பாடு. பள்ளிக்கூட நாளிலிருந்து கோல்கீப்பர். கூடத்துச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிப்பாள். "சுவரெல்லாம் வட்டம் வட்டமா அழுக்கு, நீதான் வெள்ளையடிக்கணும்" என்று பெரியம்மா கத்துவார். ஆனால் அந்தக் கைகள் பந்தை வாங்கும் விதத்தை, சமையலறை வாசலில் நின்று ஆசையாகப் பார்த்துவிட்டுத்தான் கத்துவார்.

கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. கோலில் நிற்க இரண்டே பேர். ஒருத்தி மூன்றாம் வருட மாணவி. உயரத்தை வைத்து அவளை நெட்டை என்பார்கள். இன்னொருத்தி தங்கை மகள். ஆளுக்கு இருபது பந்து அடித்தார்கள். நெட்டை ஒன்பதைத் தடுத்தாள், தங்கை மகள் பதினைந்தை. மைதானத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அன்று மதியம் விசில் மேடம் மாடிப்படி ஏறும்போது மேலே இரண்டு விரிவுரையாளர்கள் பேசுவது காதில் விழுந்தது. "இந்த வருஷம் பாருங்க, நியாயமெல்லாம் அடுத்தவங்களுக்குத்தான்." சிரிப்புச் சத்தம்.

கீழே வந்து, வலை மூட்டைக்கும் காற்றடிக்கும் பம்புக்கும் நடுவே இருந்த தன் மேசையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். கோல்கீப்பர் இடத்தில் நெட்டை. மாற்று ஆட்டக்காரியாகவாவது தங்கை மகளைப் போட்டிருக்கலாம். அதையும் போடவில்லை. ஒருத்தரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்ற வீம்பு.

அன்று ராத்திரி அந்தப் பெண் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"பெரியம்மா, நான் எதுல தப்புப் பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ மூணாம் வருஷம். அனுபவம் இருக்கு."

"சரி பெரியம்மா."

அதற்குப் பிறகு கூடத்துச் சுவரில் பந்து விழவில்லை.

அந்தப் பருவத்தில் ஏழு கல்லூரிகளோடு ஏழு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினார்கள். இரண்டாவதில் மூன்று வாங்கி ஒன்று போட்டார்கள். மூன்றாவதில் ஐந்து. நெட்டை நல்ல பெண், பயந்தவள். உயரமாக வரும் பந்துக்கு முன்னேறி வர வேண்டிய நேரத்தில் கால் இரண்டும் கோட்டிலேயே ஆணி அடித்தது போல நின்றுவிடும். "நம்ம பிள்ளைங்க மாதிரி யாரு வருவாங்க? போற இடத்துல எல்லாம் எல்லாரையும் சந்தோஷப்படுத்திட்டுத்தான் திரும்புறாங்க" என்றார் பஸ் டிரைவர். முதலில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்காவது ஆட்டம் முடிந்து திரும்பும்போது அதையே சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. பாவம், மனுஷன் அப்புறம் வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் நெட்டை வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மேடம், அவளையே நிக்க வைங்க. என்னால முடியல."

"பயப்படாத. போகப் போகச் சரியாயிடும்."

"சரியாகாது மேடம். உங்களுக்கும் தெரியும்."

மேடத்துக்குத் தெரியும்தான். ஆனால் இப்போது மாற்றினால், அன்றைக்குச் செய்தது தவறு என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். "போய்ப் பயிற்சியப் பாரு" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது, அதற்கப்புறம் பல வருடம் அவருக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஐந்தாவதும் தோல்வி. ஆறாவது ஆட்டத்தில் நெட்டையின் விரல் முறிந்தது. அன்று மாலை விசில் மேடம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், படித்துக்கொண்டிருந்த தங்கை மகளிடம் போனார்.

"கடைசி ஆட்டத்துக்கு நீ நில்லும்மா."

அவள் புத்தகத்தை மூடினாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"வேணாம் பெரியம்மா. பந்தத் தொட்டு மூணு மாசம் ஆச்சு. கையுறையக்கூட அந்த அக்காகிட்ட குடுத்துட்டேன்."

"அவ போட்டிருந்தது உன்னோடதா?"

"அவங்களோடது கிழிஞ்சு போச்சு. பாவமா இருந்துச்சு."

கடைசி ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரி ஒருத்தியை கோலில் நிறுத்தினார்கள். ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். இருந்ததிலேயே அதுதான் கௌரவமான தோல்வி. திரும்பி வந்த பிறகு, மாடிப்படியில் பேசிய விரிவுரையாளர்களில் ஒருவர் எதிரே வந்தார். "உங்க டீம் இந்த வருஷம் எங்க மேடம் ஆடுச்சு? இல்ல, அது அடுத்த மாசமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். இந்த மனிதர் வாய்க்குத்தான் மேடம் பயந்திருந்தார்.

இரண்டாம் வருடம் தங்கை மகள் விடுதிக்குப் போய்விட்டாள். படிக்க வசதி என்றாள். "சண்டையா அக்கா?" என்று தங்கை போனில் கேட்டாள். "அதெல்லாம் இல்ல" என்றார் இவர். உண்மையும் அதுதான், சண்டை இல்லை. அந்த வருடத்திலிருந்து ஆள் எடுக்க வெளியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, தங்கை மகள் வருகிறாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடமும் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை.

இப்போது அவள் வேறொரு ஊரில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. மாதம் ஒருமுறை போனில் மரியாதையாகப் பேசுவாள். போன மாதம் ஒரு மதியம், உடம்பு சௌக்கியம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகும் பெரியம்மா போனை வைக்கவில்லை.

"அன்னைக்கு நீதான் நல்லா ஆடுன. பதினஞ்சு தடுத்த. ஊரு என்ன சொல்லுமோன்னு உன்ன விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பதினஞ்சுன்னு எனக்கு அப்பவே தெரியும் பெரியம்மா. நானும் எண்ணிட்டுத்தான இருந்தேன்."

"கோபமா?"

"இல்ல. ஆனா அன்னைக்குத் தட்டு கழுவிட்டு வந்து கேட்டப்ப இதையே சொல்லியிருக்கலாம். அனுபவம் அது இதுன்னு சொன்னீங்களா, நான்தான் சரியா ஆடல போலன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். எண்ணினதே தப்போன்னுகூட."

பெரியம்மா போனை மறு காதுக்கு மாற்றும்போதே, "ஒரு நிமிஷம், ஆள் வந்திருக்காங்க" என்று அவள் போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனாள். "கையத் தூக்குங்க. அசையாதீங்க, மூச்சப் பிடிங்க" என்று தூரத்தில் அவள் குரல் கேட்டது. திரும்பி வந்தவள் தன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.