நான் எடுத்துவிட்ட இங்கிலீஷ் வரி

இன்று காலை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரௌசிங் சென்டரில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு நேற்று வயிற்றில் ஆபரேஷன். போன் போட்டால் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை தமிழில் மெயில் அனுப்பியிருந்தார். திறந்தால் எழுத்தே இல்லை, வரிவரியாகக் கட்டம்தான்.

சென்டர் நடத்தும் செல்வியைக் கூப்பிட்டேன்.

"மேலே இருந்த மெனு எங்க தாத்தா? அதுலதானே எழுத்தை மாத்தணும்?"

"அந்த இங்கிலீஷ் வரியா தாயி? எனக்குத் தமிழே இப்பத்தான் படிக்க வருது. இடத்தை அடைக்குதேன்னு நேத்து நான்தான் எடுத்துவிட்டேன்."

"நல்லா எடுத்தீங்க போங்க! வீடு விசாலமா இருக்கட்டும்னு வாசக்கதவைக் கழட்டுவீங்களா?"

ஆல்ட் பட்டனை அமுக்கினாள். அந்த வரி திரும்ப வந்தது. அதில் வியூ என்ற இடத்துக்குள் போய் எதையோ மாற்றினாள். கட்டமெல்லாம் தமிழாகிவிட்டது.

"நான் படிச்சுச் சொல்லவா?"

"வேண்டாம் தாயி, நானே படிப்பேன்."

வீம்பாகச் சொல்லிவிட்டு எழுத்துக் கூட்டினேன். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா, நம்மூர் அகரத்தில் மழை உண்டா, மாடு கன்று போட்டதா என்று போய்க்கொண்டே இருந்தது. மகள் பெயரைக் காணோம். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துத் தேடினேன்.

கடைசி வரியில் இருந்தது: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கஞ்சி குடித்தாள்.

மாப்பிள்ளைமாரே, நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளக் கூடாதா? உங்கள் மாமனார் எவ்வளவு வேகமாகப் படிப்பார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?