தவளைக் கருவை அழுத்திப் பார்த்தவள்

நூர்நிஷாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. தென்காசியில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்தாள். கணவர் இஸ்மாயில் சவுதியில், தம்மாமில் வேலை பார்த்தார். பகுதிநேரமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்த பிறகு வந்த ஐந்தாவது சாரல் சீசன் அது.

அவள் எடுத்துக்கொண்டது தவளைக் கரு. கருவுக்கு முதுகு உருவாகும் நேரத்தில் அந்தத் திசு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளக்க வேண்டும். முதுகில் சிறு துண்டை வெட்டியெடுத்து, தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடி இழையால் மெல்ல அழுத்துவாள். துண்டு எவ்வளவு அமுங்குகிறது, இழை எவ்வளவு வளைகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும்.

சாரல் விழுந்தால்தான் பக்கத்துக் குத்துக்கல்வலசையில் பிளாட் போட்ட வயல்களில் தண்ணீர் தேங்கித் தவளை முட்டையிடும். சாரல் விழுந்தால்தான் குற்றாலத்துக்கு வேன் வேனாக ஆட்களும் வருவார்கள். கல்லூரி ரோட்டோரம். ஒரு வேன் போனால் மேசை அதிரும், இழை ஆடும். நுண்ணோக்கி வைத்திருந்த கடப்பா கல்லுக்கு அடியில் காற்றடித்த சைக்கிள் டியூப்களை வைத்தாள். கொஞ்சம் அடங்கியது. மற்றபடி, ரோடு ஓயும் நேரம் பார்த்து அளக்க, கண்ணை எடுக்காமல் குனிந்தே இருந்தாள். கழுத்து கடுத்தது.

அப்படி அளந்தும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரே வயதுக் கரு, ஒரே இடத்துத் துண்டு. ஒரு நாள் வந்த அளவு இன்னொரு நாள் இரண்டு மடங்காக வந்தது.

"கை சரியில்லம்மா. வெட்டுறப்போ இழுத்துடுதீங்க" என்றார் திருநெல்வேலியில் இருந்த வழிகாட்டி வேல்ராஜ் சார், ஒவ்வொரு வருடமும்.

அவளும் நம்பினாள். நரம்பு டாக்டரிடம் போய் விரல்களை நீட்டிக் காட்டினாள். ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"இன்னுமா அந்தத் தவளை? போதும்னு விட்டுரு நிஷா" என்றார் இஸ்மாயில் போனில். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அலுத்துவிட்டது.

விட்டுவிடலாம் என்றுதான் வேதியியல் துறை சங்கரேஸ்வரியிடம் சொன்னாள்.

"அக்கா, தவளைக்குத் தவளை மாறுதோ என்னவோ, ஒரே ஒரு தடவை பாத்துருவோம்" என்றாள் அவள். "ரெண்டு தவளையோட முட்டைய நான் தனித்தனிக் கிண்ணத்துல போட்டு, கிண்ணங்கள இடம் மாத்தித் தாரேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்க அளந்துக்கிட்டே போங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளந்தாள். கடைசியில் சங்கரேஸ்வரி கிண்ணங்களைத் தூக்கி அடியில் போட்டிருந்த குறிகளைப் பார்த்தாள். ஒரு தவளையின் கருக்கள் எல்லாமே மிருது. மற்றதன் கருக்கள் எல்லாமே ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. வெட்டாமல் விட்ட கருக்கள் இரண்டு தொட்டியிலும் ஒரே மாதிரித் தலைப்பிரட்டையாகி நீந்தின.

"உங்க கை நல்லாத்தான இருக்கு!" என்றாள் சங்கரேஸ்வரி.

நூர்நிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாலு வருஷமா இந்தக் கையத்தான திட்டுனேன்" என்று கைகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வேறு தவளைகளின் முட்டைகளை வைத்து அதேபோல் செய்தார்கள். அப்படியே வந்தது. வேல்ராஜ் சார் அவள் கொண்டுபோன அளவுத் தாள்களை நெடுநேரம் புரட்டினார்.

"அப்போ வித்தியாசம் கருவுலதான் இருக்கு" என்றார். "கெட்டியா இருந்தாலும் மிருதுவா இருந்தாலும் முதுகு ஒழுங்காத்தான் வருது. நல்ல விஷயம்மா. இன்னும் ஒரு சீசன் பாத்துட்டா—"

"முடியாது சார். இருக்கறத வச்சு எழுதுதேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சரி என்றார்.

ஆய்வேட்டில் முன்பு எழுதியதில் பாதியைக் கிழித்துப்போட்டுத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. மறு வருடம் வாய்மொழித் தேர்வு நடந்தது. கேள்விகள் லேசாகத்தான் இருந்தன, கைதட்டினார்கள். இனி டாக்டர் நூர்நிஷா என்றார்கள். திருநெல்வேலியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பாவூர்சத்திரம் வருமுன் தூங்கிப்போனாள்.

"அக்கா, எந்திரிங்க. செங்கோட்டை வந்துட்டு" என்று கண்டக்டர் எழுப்பினார்.

தென்காசியைத் தாண்டி வந்துவிட்டாள். இறங்கி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். இரண்டு தென்காசி பஸ்கள் வந்து போயின. மூன்றாவதில் ஏறினாள்.