மிக முந்தைய வசதி

கன்வீனியன்ஸ் என்றால் வசதி என்று எங்கள் வகுப்பில் முதலில் சொன்னவள் நான். அதற்காக டீச்சர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, மற்றவர்களைக் கைதட்ட வைத்தார். நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்த காலம் அது. சுசீந்திரத்திலிருந்து பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய் இரண்டாம் ஃபாரம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கோட்டாற்றில் அரிசி மண்டியில் வேலை பார்த்த அப்பாவுக்குத் தமிழும் மலையாளமும் நன்றாக வரும். ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும் போடுவார்.

அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போவதற்குள் அத்தைக்குக் கடிதம் வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. தமிழில் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்று சொல்வது சரியில்லை, அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. தண்ணீருக்கு அம்மா கூப்பிடுவாள், வேட்டிக்கு அப்பா கூப்பிடுவார், சடை பின்ன நான் கூப்பிடுவேன். பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று கூடப் படித்த ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அத்தை யாரிடமும் கேட்காமல் மனு போட்டுவிட்டாள். அதற்குத் தோட்டத்துத் துரையிடமிருந்து வந்த பதில்தான் அது. டைப் அடித்த இரண்டே வரிகள்.

மண்டி முதலாளியின் மகனிடம் காட்டலாம் என்றார் அப்பா. அத்தை சம்மதிக்கவில்லை.

"சேந்த பொறவு ஊருக்குத் தெரிஞ்சாப் போரும் அண்ணாச்சி. நம்ம பிள்ள வாசிக்கட்டு."

நான் முதலில் அதை ஆங்கிலத்திலேயே இரண்டு முறை உரக்க வாசித்தேன். ஒரு முறை போதும்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமா என்று சந்தேகமாக இருந்தது. முதல் வரியில் சிக்கல் இல்லை. வேலை அத்தைக்குத்தான். இரண்டாவது வரியில் கன்வீனியன்ஸ் இருந்தது. அதற்கு முன்னால் எர்லியஸ்ட் என்று ஒரு சொல். எர்லி, எர்லியர், எர்லியஸ்ட் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே தயங்காமல் தமிழில் சொன்னேன்: 'வேலையில் சேர்வதற்கு, உங்களுடைய மிக முந்தைய வசதியைத் தயவுசெய்து தெரிவிக்கவும்.'

"முந்தைய வசதின்னா?" என்றார் அப்பா.

"முன்னால நமக்கு என்னெல்லாம் இருந்துதுன்னு கேக்கான் அப்பா."

"பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்குடுக்கதுக்கு இது என்னத்துக்கு?" என்றாள் அம்மா.

"குடும்பம் எப்பிடிப்பட்டதுன்னு அறியாம எடுப்பானா?" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "துரைன்னா துரைதான். இப்ப என்ன இருக்குன்னு கேக்கல்ல பாத்தியா! பேனாவ எடு மக்கா."

அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தேரேகால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எட்டுக் கோட்டை நெல் விதைக்கும் அளவுக்கு வயல், அதை ஒட்டித் தென்னந்தோப்பு, வில்வண்டி, அதற்கென்றே இரண்டு வெள்ளைக் காளைகள். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலமாக்கினேன். 'எங்களுடைய மிக முந்தைய கன்வீனியன்ஸ் மிகப் பெரியது' என்று தொடங்கினேன். தோப்புக்கு ஆங்கிலம் தெரியாததால் தேங்காய்க் காடு என்று எழுதினேன். காளைகளை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். அப்போதுதான் முடிவு கம்பீரமாக இருக்கும்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "எனக்க நகையையும் எழுது மக்கா."

அப்பா நிறுத்தினார். "அது எதுக்கு இப்போ?"

"முன்னால இருந்ததைத்தானே கேக்கான்? இருந்துதுல்லா?"

அத்தை அடுத்த தேங்காய் மூடியை எடுத்துத் துருவத் தொடங்கினாள். பிறகு அப்பா, "எழுது" என்றார்.

காசுமாலை ஒன்று, அட்டியல் ஒன்று, வளையல் நான்கு. அத்தைதான் சொன்னாள். நான் எழுதி முடித்து நிமிர்ந்தபோது அப்பா கிணற்றடிக்குப் போயிருந்தார். அன்று அவர் ஏற்கெனவே குளித்தாகிவிட்டது. அவர் தொடங்கி நொடித்துப்போன நெல் மில்லுக்கு வயலோடு சேர்ந்து அந்த நகைகளும் போயின என்று வெகுகாலம் கழித்துத்தான் அம்மா என்னிடம் சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கவலை, காளைகள் கடைசி இடத்தை இழந்துவிட்டன என்பதுதான்.

பத்து நாளில் மறுபடியும் கடிதம் வந்தது. என் ஆங்கிலத்தைப் பாராட்டி ஒரு வரியாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இந்த முறை தோட்டத்து ரைட்டர் தமிழில் எழுதியிருந்தார். அத்தையே வாசித்தாள். துரை தங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தார். தங்களுக்கு எந்த நாளில் வந்து சேர வசதிப்படும் என்று மட்டுமே கேட்டிருந்தோம். கூடிய சீக்கிரம் வந்தால் நல்லது.

நான் மெல்ல நகர்ந்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். முதலில் அத்தைதான் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை, கடிதத்தை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்துத் தானும் ஒரு முறை வாசித்துவிட்டு, "அடுத்த மாசம் நாள் பாத்துப் போலாமா?" என்றார்.

"நாளைக்கு" என்றாள் அத்தை.

"நாளைக்கா?"

"கூடிய சீக்கிரம்னுல்லா எழுதியிருக்கு. பெட்டி கட்டி ஒரு வாரமாச்சு அண்ணாச்சி."

மறுநாள் சனிக்கிழமை என்பதால் நானும் கூடப் போனேன். பேச்சிப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கிடையே வெகுதூரம் நடந்தோம். அப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். சுமட்டுக்காரர் ஒருவர் கேட்டும் கொடுக்கவில்லை. ரைட்டர் சாவி தந்தார். ஓடு போட்ட ஓர் அறை, பின்னால் அடுப்படி. அவ்வளவுதான் வீடு.

அத்தை பூட்டைத் திறந்தாள், உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவளுடைய பெட்டியும் நாங்களும் வெளியே இருந்தோம். சேலை மாற்றுகிறாள் என்று நினைத்தேன், ஆனால் சேலை பெட்டியில் அல்லவா இருந்தது. வெகுநேரம் ஆயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. "அத்தே" என்று கூப்பிட்டேன். கதவைத் தட்டப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரி மக்கா. கூப்பிடாத."

பெட்டியின்மேல் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பசித்தது.

கடைசியில் கதவு திறந்தது. அதே சேலை. முகம் கழுவவில்லை, தரை பெருக்கவில்லை, ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

"உள்ள என்ன செய்தீங்க அத்தே?"

"ஒண்ணும் செய்யல்ல மக்கா. சும்மா இருந்தேன்."

சும்மா இருப்பதற்கு எதற்குத் தாழ்ப்பாள்? எங்கள் வீட்டில் அப்பா சும்மா இருப்பார், நானும் இருப்பேன்; யாரும் கதவைச் சாத்தியதில்லை. அதைக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அப்பா எழுந்து பெட்டியைத் தூக்கினார். படிவரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"உள்ள வரட்டா?" என்று தங்கையிடம் கேட்டார்.

சொந்தத் தங்கையின் வீட்டுக்குள் போக யாராவது இப்படிக் கேட்பார்களா என்று எனக்கு ஒரே சிரிப்பாக வந்தது.