விலக்கி வைத்த தழை

மலைக்காட்டில் என் பின்னால் சிறுத்தை வருகிறது என்று அரைமணி நேரம் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான சித்திரை மாதம் அது. மனைவியையும் பெண்களையும் கடப்பைக்கு அனுப்பிவிட்டு, ஆபீசுக்காக நான் மட்டும் தங்கினேன். வீட்டில் பேச்சுத் துணை சுவர்க்கடிகாரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுவும் நின்றுபோகவே, விடியற்காலை ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, ஒன்பது மணிக்குத் திருத்தணியில் இறங்கினேன்.

இரண்டணாவுக்கு இட்லி கட்டிக்கொண்டு, மேற்கே கண்டிகைப் பக்கம் நான்கு மைல் நடந்து, பதினொன்றரைக்குக் காட்டுக்குள் நுழைந்தேன். மேலே இருக்கும் சுனையில் குளிக்க ஆசை. காட்டுக்கு மரியாதையாக மைத்துனனின் காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தேன்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், இடது வழியின் குறுக்கே பச்சைத் தழை கிடந்தது. குப்பை என்று ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அந்த வழியிலேயே போனேன். பட்டணத்து நாகரிகம்.

சற்றுத் தூரத்தில் பின்னால் சருகு நொறுங்கியது. நான் நின்றால் அதுவும் நின்றது. மனிதக் குரலே இல்லாத மலையில் என் பல் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் எனக்குத் துணை. நான் ரொம்ப ஒல்லி, தின்ன ஒன்றுமில்லை என்று உரக்க அறிவித்துப் பார்த்தேன். பிறகு இட்லிப் பொட்டலத்தை அதற்குப் படையலாக வைத்துவிட்டு ஓடினேன்.

"தொரே, நில்லு!"

யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். ஓரடி முன்னால் பாதை இல்லை, பள்ளம். அதற்குள் ஏதோ இரும்பு கல்லில் மோதி மோதி இறங்கும் சத்தம் கேட்டது.

பிடித்தவர் என் வயதுள்ள விறகுவெட்டி. "வழி இடிஞ்சிபோச்சின்னுதான் தழை போட்டு வெச்சேன். அத்த எடுத்துட்டு வர்றியே தொரே."

முன்னமே கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். என் காக்கியைப் பார்த்தார்.

"பாரஸ்டு கார்டுன்னு நெனச்சேன். கூப்ட்டா கத்திய புடுங்கிக்குவே. கூப்புடலேன்னா வுழுந்துடுவே. அதான் ஒளிஞ்சிகினே வந்தேன்."

நான் வெறும் குமாஸ்தா என்றேன்.

"ஆங், ஓடுறப்பவே தெரிஞ்சிபோச்சி நைனா. கார்டு இப்டி ஓட மாட்டான்."

தழையைப் பழையபடி என் கையாலேயே குறுக்கே போட வைத்தார். வரும் வழியில் எடுத்துக்கொண்ட இட்லியை இருவரும் தின்றோம். இருபது நாளில் நான் துணையோடு சாப்பிட்டது அன்றுதான். தொப்பியைக் கொடுத்தேன், அதைப் போட்டுக்கொண்டு போனால் தன் பெண்டாட்டியே ஓடிவிடுவாள் என்று வாங்க மறுத்தார். அடிவாரத்தில் அவர் கண்டிகைக்குப் போனார், நான் ஸ்டேஷனுக்கு. ஐந்து மணி வண்டியில் எதிர்ப் பலகை காலியாகவே வந்தது.

சிறுத்தை வரவில்லை. நானும் விழவில்லை. நான் பிடுங்கிக்கொள்வேன் என்று அவர் பயந்த கத்தி, என்னைப் பிடிக்கக் கை நீட்டியபோது பள்ளத்தில் விழுந்தது.