இரண்டு நாற்காலிக்கு ஒரு குறுக்கெழுத்து

மலாக்காவை அடுத்த ஜாசின் பட்டணத்தில், பசார் என்கிற சந்தைக்குப் பின்னால் உள்ள கடைவரிசையில் ஒரு டயாலிசிஸ் மையம் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி காலைகளில் நான் அங்கேதான் கிடப்பேன். என் இரத்தம் குழாய் வழியாக வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, மறுபடி எனக்குள் வரும். நான்கு மணி நேரம் ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஊரையே விரட்டியவள் நான். முதல் சில மாதங்கள் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். டிவி சத்தத்துக்காக மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், சண்டை போட்டேன். சீக்கிரம் குணமாகிவிடும் என்று சொல்ல வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. இது குணமாகிற வியாதி இல்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம். எழுபதைத் தாண்டியவர். எல்லாரையும் போல நானும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஞாயிறு பேப்பரின் குறுக்கெழுத்தை என் பக்கம் நீட்டினார்.

"தங்கச்சி, கொஞ்சம் எழுதித் தர்றீங்களா? நான் சொல்லச் சொல்ல எழுதினாப் போதும்."

அவருக்கு இடது கையில் இரத்தக்குழாய் அடைத்துப்போனதால் ஊசியை வலது கைக்கு மாற்றியிருந்தார்கள். எழுதுகிற கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஊசி இடது கையில். இப்படித்தான் எங்கள் கூட்டு ஆரம்பமானது.

தலைநகரத்தின் பெயரைக் கேட்கிற சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை அது. குறிப்பு ஒன்றைச் சொல்லிக்கொண்டே வேறொன்றை ஒளித்துவைத்திருக்கும். 'இரும்பின் தலையை மாற்றினால் இனிக்கும்' என்றிருந்தால் முதல் எழுத்தை மாற்றிக் கரும்பு என்று எழுத வேண்டும். அன்றைக்கு அதை நான் உடனே சொல்லிவிட்டேன். நானாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. முதலில் கண்டுபிடித்தவர் விடையை வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம். வழியை மட்டும் காட்டலாமாம். அப்புறம் அதுவே எங்கள் சட்டமானது. வாரத்துக்கு ஒரு புதிர்தான் வரும் என்பதால் அதை மூன்று நாளுக்கும் பங்கு வைத்தோம். வீட்டில் அதைப் பிரித்துப் பார்ப்பதும் தடை. ஒரு வியாழக்கிழமை அவர் வீட்டிலேயே பாதியை முடித்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர்போல யோசித்து நடித்தார். நான்கு மணி நேரம் முடிந்து இயந்திரம் மணியடிக்கும்வரை நான் அவரிடம் பேசவில்லை.

மற்றபடி நாங்கள் சொந்தக் கதை பேசியதே இல்லை. போன நோன்பு மாதத்தில் அவருடைய மனைவி தவறிவிட்டார். ஒரு நாள் வராமல் இருந்து, அடுத்த முறை வந்து உட்கார்ந்தார். "மனசுக்குக் கஷ்டமா இருக்கு நானா" என்றேன். கூரையைப் பார்த்தபடியே, "மேலிருந்து கீழ், அஞ்சாவது என்ன, படிங்க" என்றார். படித்தேன்.

அதற்குப் பிறகு வலது கைக் குழாயும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மிஸ்ஸி ஒரு தடவை குத்தி, உருவி, மறுபடி இடம் தேடிக் குத்துவாள். கை கறுத்து வீங்கிப்போனது. ஒரு வியாழக்கிழமை அவருடைய மகள் என்னை வாசலில் நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, அத்தா இந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் வரமாட்டேங்கிறாரு. போதும்மா, என்னை விட்டுருங்கன்னு சொல்றாரு. நீங்க சொன்னா கேப்பாருலா."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சில நாள்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரம்.

சனிக்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும், மடியில் பேப்பரை வைத்துக்கொண்டு எதையெதையோ பேசினேன். புது மருந்து வந்திருக்கிறதாம் என்றேன். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறாராம் என்றேன். அவர் சிரித்தார்.

"தங்கச்சி ரொம்பச் சுத்தி வளைக்கிறீங்க."

"நிறுத்தாதீங்க நானா" என்றேன். "நீங்க இல்லாம என்னால இந்த நாலு மணி நேரத்தை ஓட்ட முடியாது. வாங்க."

அவர் தன் கறுத்த கையைப் பார்த்தார்.

"வலிக்குது தங்கச்சி" என்றார்.

அந்த வார்த்தையை அதற்கு முன் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எத்தனை தடவை குத்தினாலும் மிஸ்ஸியிடம் பரவாயில்லைம்மா என்பவர் அவர். சரி, நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைய பங்குக் கட்டங்கள் காலியாகவே இருந்தன.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஊசி ஏற்றி இயந்திரமும் ஓட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. மிஸ்ஸி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு கண்ணாடிக் கதவு திறந்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நானா வந்தார். மெல்ல உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டே, "பேப்பர் கொண்டாந்தீங்களா?" என்றார்.

இன்றுவரை வருகிறார். மகளுக்கு என்மேல் அவ்வளவு நன்றி. பெருநாளைக்கு என் வீட்டுக்கு டப்பா டப்பாவாகப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். அத்தாவைக் காப்பாற்றினது ஆன்ட்டிதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம். நான் ஒன்றும் மறுத்துப் பேசுவதில்லை.

மிஸ்ஸி ஊசியோடு வரும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்கிறார். முதல் குத்து பெரும்பாலும் தவறிப்போகும். சில நாள் இரண்டாவதும் தவறும். அந்த நேரத்தில் நான் பேப்பரைப் பிரிப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. ஊசி சரியாக இறங்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரச் சொன்னவள் நான்.