மழையின் மேல் போட்ட பழி

எங்கள் உப்பளத்து டீம் கோப்பை வாங்கியது எப்படி என்று மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொல்வார்கள். உழைப்பு என்பான் ஒருவன். அம்மன் கண் திறந்தாள் என்பான் இன்னொருவன். பள்ளிக்கூட விழா ஒன்றில் என்னையே மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். நானும் வெட்கமில்லாமல் ஒற்றுமை, விடாமுயற்சி என்று அளந்துவிட்டு வந்தேன். காரணம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்கள் பக்கம் கிரிக்கெட் போட்டி நடக்கும். சென்னையில் லாஞ்சுப் படகில் வேலை செய்யும் மீனவக் குப்பத்து ஆட்கள் அப்போதுதான் ஊரில் இருப்பார்கள். நாலு வருஷமாக இறுதிப் போட்டியில் குப்பத்து டீமிடம் எங்களுக்கு அடி. அடித்தவன் ஒரே ஆள், அவர்களுடைய முதல் பேட்ஸ்மேன். அடி வாங்கியவன் என் அண்ணன். அளத்தில் உப்பு சுமப்பவன், எங்கள் கேப்டன், வேகமாகப் பந்து போடத் தெரிந்த ஒரே ஆள். முப்பத்தொன்பது வயதில் தோள்பட்டை போய்விட்டது. "இந்த வருஷத்தோட சரிடா. அவனை ஒரு வாட்டி போல்ட் எடுத்துட்டா போதும், பந்தைக் கீழ வெச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

அந்த வருஷம் போட்டியை நடத்தும் முறை எங்கள் ஊருக்கு, பொறுப்பு எனக்கு. இறுதிப் போட்டி வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொட்டித் தீர்த்தது. பாத்தியில் வார வேண்டிய உப்பெல்லாம் கரைந்து, அளத்தில் எல்லாருக்கும் வேலை போயிற்று. அன்று மாலை குப்பத்து பேட்ஸ்மேன் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணா, புதன்கிழமை வெச்சிடுங்கண்ணா. வியாழக்கிழமை நாங்க எல்லாரும் சென்னைக்குக் கெளம்பிடுவோம். தடை முடியுது, ஐஸ் ஏத்தணும்."

"தரை காயட்டும்பா, பாக்கலாம்" என்றேன்.

அப்போதே புத்தி குறுக்கு வழியில் ஓடிவிட்டது. திங்கட்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானம் மணல் தரை, மறுநாளே காய்ந்துவிடும். தண்ணீர் பாய்ச்சிக் காய வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. எவ்வளவு ஊற்றினால் எத்தனை நாள் காயாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். செவ்வாய் விடியற்காலையில் பக்கத்து வாய்க்காலில் மொண்டு, பிட்ச் முழுக்கப் பத்துப் பதினைந்து குடம் ஊற்றினேன். சுற்றிலும் கயிறு கட்டி யாரையும் மிதிக்க விடவில்லை.

"இன்னாடா இது, இன்னும் இப்படிக் கெடக்குது?" என்றான் அண்ணன்.

"மழை அப்படி" என்றேன்.

போட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. "அவன் இருக்க மாட்டானேடா" என்றான். ஜெயித்தால் எல்லாம் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். எவ்வளவு மட்டமாக அவனை எடை போட்டிருக்கிறேன் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்திலிருந்து வந்தவர்களில் பாதி பேர் ஆடி ஓய்ந்தவர்கள், மீதி பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வராமலே இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க முடியாது. வந்தார்கள், எல்லாருக்கும் கை கொடுத்தார்கள். என் கண் அவர்கள் மேல் இல்லை. பிட்ச் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவசரத்தில் நான் மொண்டு ஊற்றியது அளத்துக்குப் போகும் உப்புத் தண்ணீர். காய்ந்தால் பூக்கும் என்று யோசிக்கவே இல்லை. அளத்துக்காரன் செய்கிற தப்பா அது? கோடு போட்ட சுண்ணாம்பு சிந்தியிருக்கிறது என்று மற்றவர்கள் மிதித்துக்கொண்டு போனார்கள்.

முதல் ஓவர் போட வந்த அண்ணன் குனிந்தான். விரலால் ஒற்றி நாக்கில் வைத்தான். எல்லைக்கோட்டில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு போய்ப் பந்து வீசினான். ஐந்து விக்கெட் எடுத்தான், ஒன்றுக்குக்கூடக் கையை உயர்த்தவில்லை.

கோப்பையைக் கொடுத்ததும் ஊரே அவனைத் தூக்க வந்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கோப்பையை என் கையில் திணித்தான்.

"மழைத் தண்ணி உப்பு கரிக்காதுடா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்காது.

அதோடு அவன் பந்தைத் தொடவில்லை. குப்பத்து பேட்ஸ்மேன் ஒவ்வொரு தடைக்காலத்திலும் வீடு தேடி வந்து, "சும்மா ஒரே ஒரு ஓவர் போடுண்ணா" என்று கூப்பிடுகிறான். "தோள் வலிக்குதுப்பா" என்கிறான் அண்ணன், அவன் முகத்தைப் பார்க்காமல். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தாலாவது அந்த ஒரு ஓவரைப் போட்டிருப்பான்.