விளக்கு வைத்த பிறகு கொடுத்த உப்பு

யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். வெள்ளைக்காரன் இன்னும் கிளம்பவில்லை. ஒரு சித்திரை மாதச் சாயங்காலம், கொரட்டூரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

கொஞ்ச காலமாகவே எனக்கு முகமும் காலும் வீங்கிக்கொண்டிருந்தன. சிறுநீரகத்தில் கோளாறு என்றார் டவுன் டாக்டர். உப்பு கூடவே கூடாது, பாலும் பருப்பும் பேருக்குத்தான், தண்ணீர் நாளுக்கு ஒரு செம்பு. தப்பினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார். உப்பில்லாத சோற்றைத் தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. அதைவிடத் தாகம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

அன்று தெருவில் குல்பி ஐஸ்காரரின் மணி கேட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. கூப்பிட்டு நிறுத்திவிட்டேன்.

என் மனைவி ஓடி வந்தாள். "பால் ஆவாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு இல்ல?"

"செத்தா குல்பி துன்னுட்டே சாவறேன், போ!" என்று கத்தினேன்.

அவள் உள்ளே போய், செம்பில் எனக்கென்று மிச்சமிருந்த தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரை கலக்கிக் கொண்டுவந்தாள். "பால் இல்லாம இத்த ஊத்தினா ஒறையுமா அண்ணாத்தே?" என்று ஐஸ்காரரைக் கேட்டாள்.

"சோக்கா ஒறையும்மா. ஆனா பானைல போட உப்பு தீந்துபூட்ச்சி. உப்பு இல்லாங்காட்டி ஐஸு புடிக்காது. ஒரு கை உப்பு குடேன்."

அப்போதுதான் விளக்கு வைத்திருந்தாள். விளக்கு வைத்த பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் உப்பை வெளியே கொடுக்கமாட்டார்கள். வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று பயம். அவள் விளக்கை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது. மேலே கட்டிதட்டிப்போய், கரண்டிக் காம்பால் குத்த வேண்டியிருந்தது.

"இன்னாம்மா இது, கல்லாட்டம் கீது? ஊட்ல யாருமே உப்பு துன்றதில்லியா?"

"அவருக்குத்தான் ஆவாது."

"அப்போ நீ?"

"ஒரு ஆளுக்குன்னு தனியா இன்னாத்த ஆக்கறது?" என்று சொல்லிவிட்டுக் கட்டியைக் குத்த ஆரம்பித்தாள்.

நான் சாப்பிட்ட பிறகு அவள் ஊறுகாயும் கருவாடுமாகச் சாப்பிடுவாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு நோயும் இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு, என்னோடு அவளும் பத்தியம் இருந்திருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தகரக் குப்பியில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றி மூடி, பானையில் ஐஸுக்கும் உப்புக்கும் நடுவே புதைத்து, ஐஸ்காரர் பானையை உருட்டிக்கொண்டே இருந்தார். உறைந்ததும் இலையில் தட்டிக் கொடுத்தார். பாதியை அவளிடம் நீட்டினேன். வேண்டாம் என்றாள். விடவில்லை. ஊட்டியே விட்டேன், ஐஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு வீக்கம் வடிந்தது. வீட்டில் உப்பும் திரும்ப வந்தது. ஆனால் குழம்பில் உப்பு கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, இன்றுவரை நான் வாயைத் திறந்ததில்லை.